நிலத்துக்குள் போனது வீட்டுக்குள் வரும்



செக் நாட்டில் யாக்கிமோவ் என்றொரு சிற்றூர். 1516 முதல் அங்கே வெள்ளி தோண்டினார்கள், பிறகு யுரேனியம். சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் ரேடன் வாயு பாறை வெடிப்புகளால் மேலே வந்து வீடுகளுக்குள் தங்கியது. நிறமுமில்லை, மணமுமில்லை. நுரையீரலில் புற்றுநோயை மட்டும் உண்டாக்கும்.

எங்களிடம் அப்படியான சுரங்கம் இல்லை. ஆனால் எங்கள் காலடியிலும் வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் இந்தக் கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. நீர் வரும் வழியாலேயே நஞ்சும் வரும்.

திருநெல்வேலிக்கு வடக்கே, சில கிலோமீற்றர் தூரத்தில் சுன்னாகம். போருக்கு முன்பிருந்தே அங்கே எண்ணெயில் இயங்கும் மின்நிலையம் இருந்தது. போருக்குப் பின் தனியார் நிலையமும் ஓடியது. கழிவு எண்ணெய் மண்ணில் ஊறியது. சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் வாளி இறக்கினால் எண்ணெய்ப் படலம். 2015 அளவில் சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், அந்தத் தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது.

எண்ணெய் மிதந்தது, கண்டுபிடித்தோம். கரைந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. மலசலகூடக் குழியும் தோட்டத்து உரமும் இறங்குவது இதே கல்லுக்குள்தான். தெளிந்த தண்ணீர் என்று நம்பியிருக்காமல், கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.