அடுக்கு எழுத்துரு

அடுக்கு எழுத்துரு என்பது ஓர் எழுத்தின் நிழல், புறக்கோடு, நிரப்பு, உள்ளலங்காரம் ஆகியவற்றைத் தனித்தனி எழுத்துருக்களாகக் கொண்ட அலங்கார எழுத்துருத் தொகுதி ஆகும். ஒரே சொல் ஒவ்வோர் அடுக்கிலும் தட்டச்சிடப்பட்டு, வெவ்வேறு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றது. பெயர்ப்பலகை, சுவரொட்டி, நூல் அட்டை ஆகியவற்றின் பெரிய எழுத்துகளுக்கு இது பயன்படுகின்றது.

வரலாறு

1457 இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சான திருப்பாடல் நூலில் முதலெழுத்துகள் சிவப்பு, நீலம் ஆகிய இரு நிறங்களில் அச்சிடப்பட்டன. அமெரிக்கரான வில்லியம் பேஜ் 1874 இல் பல்வண்ண மர எழுத்துகளின் மாதிரி நூலை வெளியிட்டார். இவ்வகை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக்கட்டை தேவை. பேஜின் எழுத்து ஒன்றைத் தழுவி அடோபி நிறுவனம் 1994 இல் ரோஸ்வுட் என்னும் எழுத்துருவை வெளியிட்டது.

சூழல்சார் மாற்றுவடிவங்கள்

மைக்ரோசாப்ட், அடோபி நிறுவனங்கள் உருவாக்கிய ஓப்பன்டைப் முறையில், முன்பின் வரும் எழுத்துகளைப் பொறுத்து ஒரு வடிவத்துக்குப் பதிலாக வேறொன்றை இட எழுத்துருவிலேயே விதி எழுதலாம். சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கொடி அலங்காரம் தோன்றுவதும், அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்து வேறு வடிவம் பெறுவதும் இவ்வாறே.

இவ்விதிகள் எல்லா அடுக்குகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எழுத்தின் அகலமும் எழுத்திடை நெருக்கமும் அவ்வாறே. ஓர் அடுக்கில் மட்டும் வடிவம் மாறினால் நிழல் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும்.

தமிழில்

தமிழில் இவ்விதிகள் அலங்காரத்துக்கு மட்டுமன்றி எழுத்தின் உருவுக்கே தேவைப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஈரோடு மாவட்டத்து ஊரான 'சத்தியமங்கலம்' என்னும் பெயரில் 9 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது 13 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றது. 'தி' என்பது தகரமும் இகரக் குறியும் ஆகிய இரு குறியீடுகள். இவ்விரண்டையும் தனி வடிவங்களாக வரைந்து ஒட்டினால், நிரப்பு அடுக்கில் குறை தெரியாது. புறக்கோட்டு அடுக்கிலோ இணையும் இடத்தில் ஒரு குறுக்குக்கோடு தோன்றும். ஆகவே, குறி ஒட்டி நிற்கும் உயிர்மெய்கள் ஒவ்வொன்றையும் முழு வடிவமாக, எல்லா அடுக்குகளிலும் வரைய வேண்டும். கு, கூ போன்றவற்றில் உருவே மாறுவதால் வேலை மேலும் கூடுகின்றது.

நிற எழுத்துருக்கள்

2013 இல் வெளியான விண்டோஸ் 8.1, பல நிற அடுக்குகளை ஒரே கோப்பில் வைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் அடுக்குகள் பிறழ்வதில்லை. ஆயினும் எழுத்துகள் ஒவ்வொன்றாக முழுமையாக வரையப்படுவதால், இடப்புறம் விழும் நிழல் முந்தைய எழுத்தை மறைக்கக்கூடும். தனி அடுக்குகளில் நிழல் முழுவதும் எல்லா எழுத்துகளுக்கும் அடியில் அமைகின்றது.