ஆலைகள் பெருகியும் கூலி உயராதது ஏன்? ஆர்தர் லூயிஸின் கோட்பாடு பிறந்த வரலாறு

கோவையின் முதல் நூற்பாலையான ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கப்பட்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் வேகமாகப் பெருகின. மழையை நம்பியிருந்த கொங்குக் கிராமங்களிலிருந்து மக்கள் ஆலை வேலைக்கு வந்தனர். விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாறும் இத்தகைய சமுதாயங்களில் நடப்பதை விளக்கியவர் பொருளியல் அறிஞர் ஆர்தர் லூயிஸ்.

இவர் 1915-இல் கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தார். பொறியாளராக விரும்பினார். ஆனால் காலனி அரசும் கரும்புத் தோட்டங்களும் கறுப்பினப் பொறியாளருக்கு வேலை தராது என்பதால் லண்டனில் வணிகவியல் படித்தார். 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பிரிட்டனில் தொழிற்புரட்சியின் முதல் ஐம்பது ஆண்டுகளில் லாபமும் சேமிப்பும் உயர்ந்தன. கூலி மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. இதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி அவரிடம் நெடுநாள் இருந்தது. 1952 ஆகஸ்டில் பாங்காக் நகரச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியதாக அவரே எழுதியுள்ளார். தொழிலாளர் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது என்ற பழைய அனுமானத்தைக் கைவிட்டால் போதும் என்பதே அந்த விடை.

இதை அவர் 1954-இல் கட்டுரையாக வெளியிட்டார். மூவர் செய்யக்கூடிய வயல் வேலையை ஒரு குடும்பத்தில் ஐவர் செய்தால், இருவர் வெளியேறினாலும் விளைச்சல் குறையாது. விவசாய வருமானத்தைவிட 30 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலே அவர்கள் ஆலைக்கு வருவார்கள். லாபம் மறுமுதலீடாகி ஆலைகள் பெருகும். கிராமத்தில் மிகுதியாக உள்ள ஆட்கள் தீரும்வரை கூலி பெரிதாக உயராது. தீர்ந்தபின்பே உயரத் தொடங்கும். 1979-இல் தியோடர் ஷூல்ட்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இக்கோட்பாடு கொங்கு மண்டலத்துக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர் பலர் சொந்த யூனிட் தொடங்கி முதலாளிகளானார்கள். லூயிஸின் விளக்கத்தில் தொழிலாளி வேறு, முதலாளி வேறு. ஆனால் கூலி பற்றிய அவரது கருத்து இன்றும் கவனிக்கத்தக்கது. உள்ளூரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். உள்ளூரில் ஆட்கள் தீர்ந்தாலும் நாட்டளவில் தீரவில்லை.

பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது. வேலை உடனே கிடைத்துவிடும். ஆனால் யாரும் செய்யக்கூடிய வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் கூலி மெதுவாகவே ஏறும். மெக்கானிக், பேட்டர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் போன்ற பயிற்சி தேவைப்படும் வேலைகளுக்கு அவ்வளவு எளிதில் மாற்று ஆள் கிடைப்பதில்லை. கூடுதலாக இரண்டு ஆண்டுகள் படிக்க வைப்பதன் பலன் அங்கேதான் தெரியும்.