பலகைச் சுவரும் தகட்டுச் சுவரும்

கட்டடங்களின் வரலாற்றைப் பயில்வோர் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் நாடிச் செல்வது இயல்பு. எனினும், எளிய வீட்டின் சுவருக்கும் வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டில் இன்று வீடுகளுக்கும் பண்ணைக் கூடங்களுக்கும் அமைக்கப்பெறும் ஒருவகை உலோகச் சுவரை எடுத்துக்கொள்வோம். அகன்ற தகடுகளும், அவற்றின் இடையிடையே மேலிருந்து கீழாக ஓடும் புடைத்த வரைகளும் கொண்டது அது. தொலைவிலிருந்து நோக்கின் மரச்சுவர் போலவே தோன்றும். மரமே இல்லாத சுவர் மரத்தின் கோலத்தைத் தாங்குவது ஏன்?

விடை காணப் பழைய பலகைச் சுவரிடம் செல்ல வேண்டும். மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ஆதலால் செங்குத்தாக நிறுத்திய அகன்ற பலகைகளுக்கிடையே சிறு இடைவெளி விடுவர். அவ்விடைவெளி வழியே மழையும் காற்றும் புகாதவாறு, ரீப்பர் எனத் தச்சர் வழங்கும் மெல்லிய சட்டத்தை அதன்மேல் அறைவர். எனவே அச்சட்டம் அழகுக்காகப் பிறந்ததன்று, தேவைக்காகப் பிறந்தது.

இச்சுவரை அமெரிக்காவில் பெரிதும் பரப்பியவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங். 1850ஆம் ஆண்டு வெளிவந்த, நாட்டுப்புற வீடுகள் பற்றிய தம் நூலில் அவர் ஒரு கருத்தை வலியுறுத்தினார். மரவீட்டின் முதன்மையான தாங்கு மரங்கள் செங்குத்தாக நிற்கின்றன; ஆகவே வெளிப்பலகைகளும் செங்குத்தாக அமைவதே கட்டடத்தின் உண்மையை உரைக்கும் என்பது அக்கருத்து.

உலோகச் சுவரின் கதையோ இலண்டன் துறைமுகத்தில் தொடங்குகிறது. அங்குப் பொறியாளராகப் பணியாற்றிய ஹென்றி ராபின்சன் பால்மர், 1829இல் நெளித்தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தாளை நிமிர்த்திப் பிடித்தால் அது துவண்டு விழும். அதனையே விசிறிபோல் மடித்தால் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய இரும்புத் தகடும் இவ்வாறே நெளிவினால் வலிமை பெறுகிறது. ஆயினும் துரு என்னும் பகை எஞ்சியிருந்தது. 1837இல் பிரெஞ்சுக்காரரான ஸ்டனிஸ்லாஸ் சோரெல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு, இரும்பைக் காக்கிறது.

இதன்பின் நெளித்தகடு கடல் கடந்தது. 1849ஆம் ஆண்டின் பொன்வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவுக்கு இரும்பு வீடுகள் பகுதி பகுதியாகக் கப்பலேறின. ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனைக்கு 1851இல் நெளித்தகட்டால் ஆன நடனக்கூடமே வாங்கப்பட்டது. நம் மலாயாத் தோட்டங்களிலும் பலகைச் சுவருக்குமேல் தகரமே கூரையாயிற்று. பெருமழை அதன்மீது பொழியும்போது, பாடத்தை நிறுத்திவிட்டு மழை ஓயும்வரை காத்திருந்த ஆசிரியர் பலர்.

பின்னர் இரும்பின் இடத்தை எஃகு பெற்றது. 1972இல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் எடையில் 55 விழுக்காடு அலுமினியம். உருளைகளுக்கிடையே தகட்டைச் செலுத்தி வேண்டிய வடிவில் மடிக்கும் முறையும் வளர்ந்தது. இவ்விரண்டு வரலாறுகளும் கூடிய இடமே இன்றைய தகட்டுச் சுவர்.

இச்சுவரைப் போலி என்று தள்ளிவிடலாமா? அவசரப்படலாகாது. தகட்டுக்கு ஈரத்தால் விரிவில்லை என்பது உண்மையே. ஆனால் வெயிலில் அது நீளும். அகன்ற தட்டைத் தகடு அலைபோல் நெளிந்து தோன்றும். புடைத்த வரை தகட்டுக்கு விறைப்பூட்டுகிறது. இரு தகடுகள் சேரும் பொருத்தை மூடுகிறது. திருகாணிகளை மழைக்கு மறைக்கிறது. மரச்சட்டம் செய்த தொழில் சென்றது. அவ்வடிவத்துக்கு வேறு தொழில் வாய்த்தது. ஆனால் அதே தகட்டின்மீது மரத்தின் வரிகளை வண்ணத்தால் தீட்டும்போது, அங்குத் தொழில் ஏதுமில்லை. தோற்றம் மட்டுமே உண்டு. டௌனிங் வேண்டிய உண்மை முன்னதில் இருக்கிறது, பின்னதில் இல்லை.

முன்னோர் விட்டுச்சென்ற வடிவங்கள் பல நம் கையிலும் உள்ளன. அவற்றைப் பழமை என்று எறிவதும் எளிது. பொருளறியாது பூண்டுகொள்வதும் எளிது. இவ்வடிவம் இன்று என்ன பணி செய்கிறது என்று வினவுவதே கடினம். அவ்வினாவை எழுப்பப் பழகிய மாணவனுக்கு ஒரு சுவரும் வரலாற்று நூலாகும்.