வன்தட்டில் பயனரின் பங்கு

1905இல் மன்னார்க் கரையின் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடைபெற்றபோது, கரைசேர்ந்த சிப்பி மூன்று பங்காக வகுக்கப்பட்டது. இரண்டு அரசாங்கத்துக்கு, உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கு ஒன்று. இன்று அதே கரையில் ஒரு மாணவன் புதிய வன்தட்டொன்றில் லினக்ஸை நிறுவ அமர்ந்தாலும், பங்கீட்டுப் பிரச்சினையே முதலில் எழுகிறது.

1971இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயங்கிய பொறியின் தட்டில் 512 கிலோபைற்றுக்கே இடமிருந்தது. பயனரின் கோப்புகளுக்கென வேறொரு தட்டு சேர்க்கப்பட்டு, 'யூஎஸ்ஆர்' எனப் பெயர் பெற்றது. முதல் தட்டு நிரம்பவே, முறைமையின் நிரல்கள் பயனரின் தட்டில் குடியேறின. காலப்போக்கில் பயனர் அங்கிருந்து வெளியேறி, 'ஹோம்' என்னும் புதிய இடம் தேட நேர்ந்தது. பழைய பெயரோ இன்றும் குடியேறியவரிடமே இருக்கிறது! அளவில் ஒப்பிடத் தகாததாயினும், 2007இல் வெளியேற்றப்பட்டுத் தம் நிலத்தில் கடற்படைத் தளம் எழக் கண்ட முள்ளிக்குளத்து மக்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

தட்டுகள் பெருத்த பின்னர், ஒன்றையே பல தட்டுகள்போலப் பிரிக்கும் வழக்கம் வந்தது. இன்று இடப்பஞ்சம் இல்லை. ஆயினும் 'ஹோம்' தனிப் பாகமாக இருத்தல் வேண்டும் என்போம். முறைமையை அழித்து மீள நிறுவினாலும், அப்பாகத்தைத் தொடாது விட்டால் மாணவனின் கட்டுரையும் கணக்கும் பிழைத்திருக்கும். (தட்டே பழுதானால் இரண்டும் போகும், பிரதியொன்று வேறிடத்தில் இருக்கட்டும்.) 'முழுத் தட்டையும் பயன்படுத்துக' என்ற தெரிவு இலகுவானது, ஆசிரியர்களாகிய நாமும் அவசரத்தில் அதனையே அழுத்துகிறோம். இரண்டாம் முறை நிறுவுகையில் அதனை அழுத்தினால் மாணவனின் பங்கும் துடைத்தெறியப்படும்.