சொல்லுக்கு உருவம் தந்த வகுப்பறைகள்

குழந்தைக்குப் புதுச்சொல் கற்பிக்கப் படம் துணைநிற்கும் என்ற எண்ணத்தை ஐரோப்பியப் பள்ளிகளில் நிலைநிறுத்திய நூல், மொராவியாவில் 1592இல் பிறந்து, சமயப் போர்களால் நாடிழந்து வாழ்ந்த கல்வியாளர் கொமீனியஸ் இயற்றிய ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ ஆகும். ‘படங்களில் உலகம்’ என்று பொருள்படும் இந்நூலை அவர் ஹங்கேரியின் ஷாரோஷ்பட்டாக் நகரில் ஆசிரியப்பணி ஆற்றிய காலத்தில் எழுதினார். எனினும் மரக்கட்டையில் படம் செதுக்கும் தேர்ந்த கைவினைஞர் அங்குக் கிடைக்காததால், அது 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில்தான் அச்சேறியது. லத்தீனையும் ஜெர்மனையும் அருகருகே வைத்து 150 இயல்களாக அமைந்த அந்நூலில் மீன்பிடித்தல், நெசவு, ரொட்டி சுடுதல் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு படம் உண்டு. படத்திலுள்ள பொருளுக்கு இடப்பட்ட எண்ணே, கீழுள்ள வாக்கியத்தில் அப்பொருளின் பெயரருகிலும் நிற்கும். எண்ணைப் பற்றிக்கொண்டு குழந்தையின் கண் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே போய்வர வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

அந்நூலின் முன்னுரையில் ஒரு பரிந்துரை உள்ளது. அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும். படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், குழந்தைகள் அவற்றைத் தம் கையால் வரைந்து பார்க்கவும் இடமளிக்க வேண்டும், விருப்பமில்லாதவர்க்கு விருப்பம் ஊட்டவும் வேண்டும் என்கிறார் கொமீனியஸ். பொருளின்மேல் கவனம் கூர்மையாகும், ஓர் உறுப்புக்கும் மற்றோர் உறுப்புக்கும் உள்ள அளவுப் பொருத்தம் புலப்படும், கைக்குப் பயிற்சி கிடைக்கும் என மூன்று காரணங்களை அவர் காட்டுகிறார். இவற்றுள் இரண்டாவது காரணமே சொற்பயிற்சிக்கு உயிரானது. தறியைக் கண்டவுடன் ‘தறி’ என்று கூறிவிடும் குழந்தை அதை வரைய முற்படும்போதுதான் பாவு எங்கே, ஊடை எங்கே, நாடா எவ்வழி ஓடுகிறது என்று கேட்க நேர்கிறது, அக்கேள்விகளின் விடையாக மேலும் பல சொற்கள் தாமே வந்து சேர்கின்றன.

ஆயினும் இந்நூலின் சொற்கள் துறைவாரியாக அடுக்கப்பட்டவையே தவிர, யாருடைய தேவையிலிருந்தும் எழுந்தவை அல்ல. அந்தக் குறையை நிறைவுசெய்யும் ஆற்றல் கதைக்கு இருந்தது. டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’ என்ற நாவலையே சிறுவன் எமிலின் முதல் புத்தகமாகவும் நெடுங்காலம் ஒரே புத்தகமாகவும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் தம் ‘எமில்’ நூலில் பரிந்துரைத்தார். கருத்துகளைவிடச் சொற்கள் மிகுந்திருப்பது குழந்தைக்குத் தீங்கு என்றவரும், பிறர் வரைந்ததைப் பார்த்து வரையாமல் பொருளையே நேரில் நோக்கி வரைய வேண்டும் என்றவரும் அவரே. நாவல், சொல், ஓவியம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் இடம்பெற்றிருந்தும், அம்மூன்றையும் ஒரு பாடமாக அவர் இணைக்கவில்லை.

இணைப்பை நோக்கி ஒரு படி முன்னே சென்றவர், ஜெர்மனியின் டெசாவ் நகரில் 1774இல் தொடங்கப்பட்ட ‘பிலாந்த்ரோபினம்’ என்ற சீர்திருத்தப் பள்ளியில் சிறிது காலம் பணியாற்றிய காம்பே. குரூசோவின் கதையை அவர் 1779–80இல் ‘இளைய ராபின்சன்’ என்ற பெயரில் சிறுவர்க்காகத் திருத்தி எழுதினார். டீஃபோவின் நாயகனுக்கு உடைந்த கப்பலிலிருந்து கருவிகள் கிடைத்தன. காம்பேயின் நாயகனோ வெறுங்கையுடன் கரையேறுகிறான். ஆகவே ஒவ்வொரு கருவியும் தேவையிலிருந்து பிறக்கிறது, அதன் பெயரும் அத்தேவையோடு கூடவே வருகிறது. மாலைதோறும் தந்தை கதை கூற, பிள்ளைகள் இடைமறித்துக் கேள்வி கேட்கும் உரையாடல் வடிவில் நூல் அமைந்திருப்பதால், தென்னமெரிக்க விலங்காகிய லாமா போன்ற புதிய பெயர் வரும்போது விளக்கமும் கதையோட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. பிற்காலத்தில் இதே காம்பே 5 தொகுதிகள் கொண்ட ஜெர்மன் அகராதியை வெளியிட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கதையாசிரியரும் அகராதியாசிரியரும் ஒருவரே என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஓவியம் முறையாக வகுப்பறைக்குள் வந்தது சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோட்சியின் முயற்சியால். எண், வடிவம், சொல் ஆகிய மூன்றுமே கல்வியின் அடித்தளம் என 1801இல் எழுதிய அவர், வரைதலை எழுத்துப் பயிற்சிக்கும் முன்னதாக வைத்தார். ஆனால் பூர்க்டோர்ஃப் நகரில் அவர் தொடக்கத்தில் நடத்திய வகுப்பை அவருடைய மாணவர் ராம்சாவர் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் விவரித்திருப்பது வருத்தம் தரும் செய்தி. ஆசிரியர் இயற்கை நூலின் வாக்கியங்களை உரக்கக் கூறிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் அவற்றைத் திருப்பிச் சொல்லியபடியே பலகையில் தாம் விரும்பியதை வரைய வேண்டும். எதை வரைவது என்று அவர்களுக்கு விளங்கவில்லை, வரைந்ததை ஆசிரியர் பார்க்கவும் இல்லை. சொல்லும் கோடும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருந்தும் ஒன்றையொன்று தொடவில்லை. பின்னர் பெஸ்டலோட்சியின் குழு வகுத்த ஓவியப் பாடமும் கோடு, கோணம், சதுரம் என்ற அளவைப் பயிற்சியாகவே சுருங்கிவிட, கதைக்கு அதில் இடமே இல்லாமல் போயிற்று.

கொமீனியஸ், காம்பே, பெஸ்டலோட்சி ஆகியோரின் இந்த மூன்று முயற்சிகளும் தனித்தனியே குறையுடையவை; ஆனால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. நாவலில் வந்த சொல்லைக் குழந்தை வரையும்போது, அது வரைந்து காட்டுவது தான் புரிந்துகொண்ட அளவையே. ஆகவே படத்தில் விடுபட்ட உறுப்பு, விளக்கத்தில் விடுபட்ட இடத்தையே சுட்டுகிறது; அதைப் படித்தறிய ஆசிரியர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாக வேண்டும். பூர்க்டோர்ஃபில் யாரும் பார்க்காத படங்களை வரைந்த ராம்சாவர், வளர்ந்தபின் பெஸ்டலோட்சியின் பள்ளியிலேயே ஆசிரியரானார். 1821இல் ஓவியம் கற்பிக்கும் முறை பற்றித் தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார்.