நாக்கில் புற்றுநோய்... கழுத்தில் எதுக்கு ஆபரேஷன்? 500 நோயாளிகளின் ஆய்வு சொன்ன பதில்

"புண்ணு நாக்குல இருக்கு. கழுத்துல எதுக்கு டாக்டர் கத்தி வைக்கணும்? அங்க ஒண்ணுமே இல்லையே!"

வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு வரும் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் கட்டி இல்லை, ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. அப்படியிருந்தும் கழுத்தைத் திறக்க வேண்டுமா? இதற்கு டாக்டர்களிடமே பல ஆண்டுகளாக ஒத்த கருத்து இல்லை. தெளிவான பதிலைத் தந்தது, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வுதான்.

கழுத்துக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய். புகையிலை, குட்கா, பாக்கு ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ உருவாகும் புற்றுநோய் செல்கள், பெரும்பாலும் முதலில் பரவும் இடம் கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகள். பேச்சுவழக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த முடிச்சுகள்தான். பரவல் ஆரம்பத்தில் மிகச் சிறியதாக இருப்பதால் கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. கழுத்து 'சுத்தமாக' இருப்பதாகத் தோன்றும் ஆரம்பநிலை நோயாளிகளிலும், சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி மறைந்திருக்கும் பரவல் இருக்கும் என்பது மருத்துவ உலகின் பொதுவான கணக்கு.

அப்போ எல்லாருக்கும் கழுத்து முடிச்சுகளை எடுத்துவிடலாமே?

அங்கேதான் சிக்கல். 100 பேருக்குக் கழுத்து ஆபரேஷன் செய்தால், 70 பேருக்கு மேல் அது தேவையில்லாமல் போகலாம். ஆபரேஷன் நேரம் கூடும், தழும்பு இருக்கும். தோளைத் தூக்க உதவும் நரம்பு பாதிக்கப்பட்டால் கையை மேலே உயர்த்துவது கஷ்டமாகும். கீழ் உதட்டை அசைக்கும் நரம்பில் அடிபட்டால் வாய் ஒரு பக்கம் கோணலாம்.

அதனால் ஒரு தரப்பு டாக்டர்கள், "வாயில் இருப்பதை மட்டும் எடுப்போம். அடிக்கடி வரச்சொல்லி கழுத்தைப் பரிசோதிப்போம். முடிச்சு வந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்" என்றனர். இன்னொரு தரப்பு, "வரும்வரை காத்திருந்தால் கைமீறிப் போய்விடும்" என்றது. இரண்டிலும் லாஜிக் இருந்தது. ஆனால், உறுதியான ஆதாரம் இல்லை.

மும்பை ஆய்வு எப்படி நடந்தது?

டாக்டர் அனில் டிக்ரூஸ் தலைமையிலான குழு, 2004 முதல் 2014 வரை 596 நோயாளிகளை ஆய்வில் சேர்த்தது. எல்லாருக்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய், பெரும்பாலானோருக்கு நாக்கில். கழுத்தில் பரவலுக்கான அறிகுறி யாருக்கும் இல்லை.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரும் தேர்வு செய்யவில்லை, நோயாளியும் தேர்வு செய்யவில்லை. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறை. டாக்டரிடமே விட்டால், தெம்பாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆபரேஷனும் பலவீனமானவர்களுக்குச் சின்ன ஆபரேஷனும் என்று தேர்வு சாய்ந்துவிடலாம். பிறகு, பலன் தந்தது சிகிச்சையா, நோயாளியின் உடல்வாகா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

முடிவு என்ன?

முன்பே திட்டமிட்டபடி முதல் 500 பேரின் விவரங்கள் அலசப்பட்டன. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2015-ல் முடிவு வெளியானது.

• முதலிலேயே கழுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 245 பேர். 3 ஆண்டுகளில் உயிருடன் இருந்தோர் விகிதம் 80 சதவீதம்.
• காத்திருந்து பார்த்தவர்கள் 255 பேர். இவர்களில் அந்த விகிதம் 67.5 சதவீதம்.
• 3 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள்: முதல் பிரிவில் 69.5 சதவீதம், இரண்டாவது பிரிவில் 45.9 சதவீதம்.
• பாதகமான விளைவுகள்: முதல் பிரிவில் 6.6 சதவீதம், இரண்டாவது பிரிவில் 3.6 சதவீதம்.

உயிர்பிழைப்பில் வித்தியாசம் 12.5 சதவீதப் புள்ளிகள். எளிமையாகச் சொன்னால், 8 பேருக்கு முதலிலேயே கழுத்து ஆபரேஷன் செய்தால், அதில் ஒருவரின் மரணம் தவிர்க்கப்படுகிறது. காத்திருந்தவர்களுக்கு முடிச்சு வெளியே தெரிந்தபோது, பலருக்கு நோய் முற்றியிருந்தது என்பதே முக்கியக் காரணம்.

பிரிட்டனில் வாய், தாடை, முக அறுவை சிகிச்சை நிபுணர்கள் நடத்திய இதேபோன்ற ஆய்வில் 250 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 2019-ல் வெளியான அதன் முடிவும் முதலிலேயே கழுத்து ஆபரேஷன் செய்வதற்கே சாதகமாக இருந்தது.

எல்லாருக்கும் இது கட்டாயமா?

இல்லை. மும்பை ஆய்வு ஒரே மருத்துவமனையில் நடந்தது. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே உள்ள மெல்லிய கட்டிகளுக்கு இதனால் பலன் உண்டா என்பது அதில் தெளிவாகவில்லை. அதனால்தான் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று டாக்டர்கள் இப்போது கவனமாக அளக்கிறார்கள்.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. புற்றுநோய் முதலில் போய்ச் சேரக்கூடிய 'காவல் முடிச்சு' எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை. அதில் நோய் இருந்தால் மட்டுமே மற்ற முடிச்சுகளும் எடுக்கப்படும். பிரான்ஸில் 2020-லும் ஜப்பானில் 2021-லும் வெளியான ஆய்வுகளில், இந்த முறை கழுத்து ஆபரேஷனுக்குப் பலனில் குறைந்ததல்ல என்று தெரியவந்தது. ஆனால் இதற்குத் தனி வசதியும் பயிற்சியும் தேவை.

நாம் கவனிக்க வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமை, கழுத்தில் வலியில்லாத கட்டி. இதில் ஒன்று இருந்தாலும் 'சூட்டுப் புண்ணுதான், தானா ஆறிடும்' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால் கேட்க வேண்டியவை: கட்டியின் ஆழம் எவ்வளவு? கழுத்துக்கு என்ன திட்டம்? தோளுக்குப் பயிற்சி எப்போது தொடங்கும்?