அறுத்த பிறகு வெட்டற கொடி: கம்பம் திராட்சையோட கவாத்துக் கதை

நெல்லுக்கு அறுப்பு முடிஞ்சா அதோட சரி. வயல்ல தாள் நிக்கும். அடுத்த பட்டத்துக்குப் புது விதை, புது நாத்து. கொடிப் பயிர் அப்படி இல்லை. பழத்தைப் பறிச்ச பிறகும் அதே வேர், அதே கொடி, அதே பந்தல். அடுத்த மகசூலும் அந்தப் பழைய கொடியிலிருந்துதான் வரணும். அதனால திராட்சைக்காரருக்குக் கடைசிக் கூடை வண்டி ஏறின பிறகுதான் முக்கியமான வேலையே வருது. அதுக்குப் பேர் கவாத்து. போலீஸ்காரங்க மைதானத்துல செய்யறதுக்கும், தேயிலைத் தோட்டத்துல செடியை வெட்டறதுக்கும், திராட்சைக்கொடியை வெட்டறதுக்கும் தமிழ்ல ஒரே வார்த்தைதான்.

திருவிடைமருதூர்ல உக்காந்துக்கிட்டு இவன் ஏன் திராட்சையைப் பத்தி எழுதறான்னு கேப்பீங்க. கொடி நமக்கும் புதுசு இல்லை. நம்ம பக்கத்து வெத்தலைக் கொடிக்கால்ல, அகத்தி மேல ஏறின கொடி எட்டாத உயரத்துக்குப் போனதும் அதை இறக்கி, அடிப்பக்கத்தைச் சுருட்டி மண்ணுல புதைச்சு, நுனியை மறுபடி ஏத்திக் கட்டுவாங்க. பழைய கொடியிலேயே புது வேர் விடும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால, 2023ல, கம்பம் பன்னீர் திராட்சைக்கும் கிடைச்சுது. ரெண்டுமே, பறிச்ச பிறகு மனுஷன் கை வெச்சாத்தான் திரும்பத் தழைக்கும்.

திராட்சை அடிப்படையில குளிர் பார்த்த பயிர். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பனிக்காலம் வந்தா இலையை எல்லாம் உதிர்த்துட்டுத் தூங்கிடும். அந்தத் தூக்கத்துல வெட்டிவிடுவாங்க. வெயில் திரும்பினதும் துளிர்க்கும். வருஷத்துக்கு ஒரு வெட்டு, ஒரு அறுவடை. பஞ்சாப், ஹரியானா பக்கம் இன்னிக்கும் இதுதான் முறை. தெற்கே வர வரக் கொடிக்குத் தூக்கம் போயிடுது. பனி இல்லாத ஊர்ல அது எப்பவும் பச்சையாவே நிக்கும். வெட்டாம விட்டா இலையா தழைக்குமே தவிர ஒழுங்கா காய்க்காது. குளிர்காலம் செய்யற வேலையை இங்கே கத்தரிக்கோல்தான் செய்யணும்.

இது இன்னிக்கு நேத்துக் கண்டுபிடிச்சது இல்லை. 14ஆம் நூற்றாண்டுல தக்காணத்துக்கு வந்த இப்னு பதூதா, தௌலதாபாத்துல திராட்சையும் மாதுளையும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பலன் தருதுன்னு எழுதி வெச்சிருக்கார். இப்ப மகாராஷ்டிரத்துல ரெண்டு வெட்டு, ஒரு அறுவடை. ஏப்ரல்ல வெட்டறது கொடியை வளக்கறதுக்கு, அக்டோபர்ல வெட்டறது பழத்துக்கு. நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு வெட்டு, ரெண்டு அறுவடை. டிசம்பர், ஜனவரியில வெட்டினா ஏப்ரல், மே மாசத்துல பழம். மே, ஜூன்ல வெட்டினா ஆகஸ்ட், செப்டம்பர்ல பழம். வெட்டின நாள்லேர்ந்து கிட்டத்தட்ட நாலு மாசம். நம்ம நெல்லோட கணக்கை ஒட்டி வருது பாருங்க.

தமிழ்நாட்டுக்குத் திராட்சையை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832ல கொண்டுவந்தார்னு சொல்லுவாங்க. பூசைக்குத் திராட்சை ரசம் வேணுமே, அதனால பாதிரியாருக்கும் திராட்சைக்கும் உறவு இயல்பானதுதான். ஆனா ஒரு கணக்கு இடிக்குது. இன்னிக்குக் கம்பத்துல விளையற பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அது இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒருத்தர் 1850 வாக்குல ரெண்டு பழைய ரகத்தைச் சேர்த்து உண்டாக்கினது. அப்படின்னா 1832ல வந்தது வேற ஏதோ திராட்சையாத்தான் இருக்கணும். பன்னீர் பின்னாடி வந்து சேர்ந்தது. கதையில ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுச்சு.

பள்ளத்தாக்கை மாத்தினது தண்ணி. மேற்கே ஓடிக் கடல்ல கலந்துக்கிட்டிருந்த பெரியாத்துத் தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினது பென்னிகுவிக் கட்டின அணை. 1895ல திறந்தாங்க. அந்தத் தண்ணி முதல்ல இறங்கற இடம் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டின்னு கல் தூணும் கம்பிப் பந்தலுமா நிக்கற ஊரெல்லாம் அந்த வழியிலதான் இருக்கு. ஆனைமலையன்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கு.

இனி வெட்டற விதம். பன்னீர் ரகத்துல நல்லா முத்தின குச்சியில நாலைஞ்சு கண் விட்டு வெட்டணும். மெலிஞ்ச, முத்தாத குச்சியை ஒண்ணு ரெண்டு கண்ணோட நிறுத்தணும். அது அடுத்த தடவைக்கு. வெட்டின குச்சியையும் இலையையும் தோட்டத்துக்குள்ள போடக்கூடாது. நோய் அதுலதான் தங்கியிருக்கும். அப்புறம் எரு, அப்புறம் போர்டோ கலவை. நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலந்த பிறகு இரும்புக் கத்தியை முக்கிப் பாக்கணும். செம்பு நிறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். பத்துப் பன்னிரண்டு நாள்ல குச்சிகளைக் கம்பியில இழுத்துக் கட்டணும்.

போர்டோ கலவைக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சுல போர்டோ பக்கத்துல, ரோட்டோரக் கொடியில திருடங்க கை வைக்காம இருக்கறதுக்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிச்சு வெச்சாங்க. அமெரிக்காவுலேர்ந்து வந்த அடிச்சாம்பல் நோய் மத்த கொடியை எல்லாம் உதிர்த்தப்ப, தெளிச்ச கொடி மட்டும் இலையோட நின்னுது. மில்லார்டேங்கற தாவரவியல் பேராசிரியர் அதைப் பாத்து, சோதிச்சு, 1885ல வெளியிட்டார்.

இப்ப முக்கியமான விஷயம். இன்னிக்கு நாம விட்டு வைக்கற கண்ணுக்குள்ள இருக்கற பூங்கொத்து இன்னிக்கு உண்டானது இல்லை. போன போகத்துல, கொடியில காய் தொங்கினப்பவே உள்ளே உருவாகியிருக்கும். பழம் பறிச்ச பிறகு இலை தயாரிக்கற உணவுதான் கட்டையிலும் வேரிலும் சேமிப்பாகுது. அந்தச் சேமிப்பு சேர்றதுக்குள்ள, விலை நல்லா இருக்குன்னு உடனே வெட்டிட்டா, கண் துளிர்க்கும், ஆனா பூங்கொத்து வரவேண்டிய இடத்துல வெறும் பத்துக்கம்பி சுருண்டுக்கிட்டு வரும். கொடி பொய் சொல்றதில்லை. ஓய்வு குடுத்தியா இல்லையான்னு அடுத்த போகத்துல காட்டிக் குடுத்துடும்.

தேதியும் ஒரு சூதாட்டம்தான். எல்லாரும் ஒரே வாரத்துல வெட்டினா எல்லாருக்கும் ஒரே வாரத்துல பழம், வியாபாரி சொன்னதுதான் விலை. தள்ளி வெட்டினா பழம் பழுக்கற நேரத்துல ஐப்பசி மழை புடிச்சுக்கும். பழம் வெடிக்கும், நோய் ஏறும். கம்பத்துல ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு தேதியில வெட்டறதாலதான் வருஷம் முழுக்க அங்கே பழம் கிடைக்குது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1922ல ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வந்துது. 1934ல மேட்டூர் அணை வந்துது. ஜூன் 12 தண்ணியும் நூத்திப் பத்து நாள் ரகமும் சேர்ந்ததால குறுவையும் தாளடியும் கைக்கு வந்துது. அப்பவும் தை, மாசி அறுப்புக்கு மேல நிலத்துக்கு ஒரு இடைவெளி இருந்துது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி ஈரத்துல உளுந்தும் பயறும் தெளிப்பாங்க. அது வேர் முடிச்சுல தழைச்சத்தைச் சேர்க்கும். அப்புறம் ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து ஆட்டுக்கிடை வரும். சித்திரை வெயில்ல மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். இதுதான் நம்ம நிலத்தோட கவாத்து.

இன்னிக்கு போர்வெல் இருக்கறவங்க கோடையிலும் நெல் நடறாங்க. அறுப்பு மிஷின் ஏறினா உளுந்து முளை நசுங்குதுன்னு பல பேர் தெளிக்கறதையே விட்டுட்டாங்க. கடன் இருக்கறவனுக்கு மூணாவது போகத்தோட பணம் தேவைதான், அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா திராட்சைக்கொடி ஒரே போகத்துல கணக்கைக் காட்டிடுது. நிலம் அவ்வளவு சீக்கிரம் காட்டாது. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா கூடும், அப்புறம் ரெண்டு மூட்டை கூடும், போர்வெல் இன்னும் நாலு குழாய் கீழே இறங்கும். நமக்குத் தெரிய வர்றதுக்குள்ள பத்து வருஷம் போயிடும்.

எல்லா வயலையும் சும்மா போடச் சொல்லலை. மூணு மா இருந்தா ஒரு மாவுலயாவது இந்தக் கோடையில நெல்லை விட்டுட்டு உளுந்து போடுங்க. கிடைக்காரர் வந்தா ரெண்டு ராத்திரி ஆட்டைக் கட்டச் சொல்லுங்க. அடுத்த குறுவையில அந்த மாவையும் மத்த ரெண்டு மாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உரச்செலவைக் கணக்குப் பாருங்க.